நீதிபதிக்குச் சன்மானம் வரலாமா?

வணக்கம். போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா முன்சீப் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நீதிபதிகளின் வருமானம் பற்றி ஒரு விடியோ போடப் போகிறேன் என்று சொன்னதும் ஒரு பழைய சம்பவத்தைச் சொன்னார். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அப்போது அங்கே இருந்த முன்சீப் சிறுகதை எழுதுவாராம். ஒருநாள் தபால்காரர் கோர்ட்டுக்கே மணியார்டர் கொண்டுவந்தார். 75 ரூபாய். மணியார்டர் பாரத்தின் அடியில் இரண்டு வரி எழுத இடம் இருக்கும், அந்தத் துண்டைக் கிழித்து நம் கையில் கொடுப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? அதில் ‘சிறுகதை சன்மானம்’ என்று நீல மையில் எழுதியிருந்தது. ஜட்ஜ் ஐயா கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு, அந்தத் துண்டை அப்பாவிடம் நீட்டினார். "இதை என் சொத்து விவர ஃபைல்ல வைங்க. வருஷக் கணக்குல காட்டணும்" என்றார். "எழுபத்தஞ்சு ரூபாய்தானேங்க ஐயா?" என்று அப்பா கேட்டிருக்கிறார். "எவ்வளவுங்கிறது இருக்கட்டும். யார் கொடுத்ததுன்னு நாளைக்கு ஒருத்தர் கேட்டா காட்டணுமில்ல" என்றாராம்.

எனக்கு இந்த விஷயத்தில் இதைவிடத் தெளிவான பேச்சு கிடைக்கவில்லை. சரி, இங்கிருந்து அமெரிக்காவுக்குப் போவோம். இந்தப் பிரச்சினை அங்கே பல முறை வெடித்திருக்கிறது.

2025 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு மனுவை முடித்துவைத்தது. தன் எழுத்தைத் திருடிவிட்டதாக ஒருவர் தொடுத்த பதிப்புரிமை வழக்கு. எதிர்த் தரப்பில் எழுத்தாளர் டா-நெஹிசி கோட்ஸும், பென்குயின் ரேண்டம் ஹவுஸ் பதிப்பகத்தின் தாய் நிறுவனமும் இருந்தார்கள். அந்த நீதிமன்றத்தில் மொத்தம் ஒன்பது நீதிபதிகள். குறைந்தது ஆறு பேர் உட்கார்ந்தால்தான் எதையும் முடிவு செய்ய முடியும். ஐந்து பேர் விலகிக்கொண்டார்கள். காரணம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஐந்து பேரில் நான்கு பேர் அந்தப் பதிப்பகக் குழுமத்தோடு புத்தக ஒப்பந்தம் போட்டவர்கள். மீதி இருந்தது நான்கே பேர். கோரம் இல்லை. அதனால் கீழ் நீதிமன்றத் தீர்ப்பே நின்றுவிட்டது.

அந்த மனுதாரர் கடைசியில் எப்படியும் தோற்றிருக்கலாம். அது வேறு. நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் உங்கள் மனுவை எடுத்துப் பார்க்கக்கூட ஆள் போதவில்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். விலகியது சரியான செயல்தான். விலக வேண்டிய இடத்துக்கு அவர்கள் போயிருக்கவே கூடாது என்பதுதான் என் வருத்தம்.

அங்கே சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 1989-இல் வந்த நெறிமுறைச் சட்டத்தின்படி நீதிபதிகள் மேடைப் பேச்சுக்குப் பணம் வாங்கக் கூடாது. பாடம் நடத்தி வாங்கும் சம்பளம் போன்ற வெளி வருமானத்துக்கு உச்ச வரம்பு உண்டு, இப்போது ஆண்டுக்கு 33,000 டாலரை ஒட்டி வருகிறது. ஆனால் புத்தகப் பணம் அந்த வரம்புக்குள் வராது. நீதிபதி கெட்டாஞ்சி பிரவுன் ஜாக்சன் 2023-ஆம் ஆண்டுக் கணக்கில் தன் வாழ்க்கை வரலாற்றுக்கு முன்பணமாக 8,93,750 டாலர் காட்டியிருந்தார். அந்த ஆண்டு ஒரு நீதிபதியின் சம்பளம் 2,85,400 டாலர். சம்பளத்தைப் போல மூன்று மடங்கு! அவர் மறைக்கவில்லை, முறையாகக் கணக்கில் காட்டினார். அதற்காக அவரைப் பாராட்டுகிறேன். ஆனாலும் மூன்று மடங்கு மூன்று மடங்குதான்.

இதற்கும் முன்னால் நடந்தது ஏப் ஃபோர்டஸின் கதை. எனக்கு மனம் கனத்துப் போகும் கதை இது. ஏழைக் கைதிக்கும் வழக்கறிஞர் வைத்துத் தர வேண்டியது அரசின் கடமை என்று 1963-இல் வந்த கிடியன் தீர்ப்பைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் கைதிக்காக வாதாடியவர் ஃபோர்டஸ்தான். 1965-இல் அதிபர் ஜான்சன் அவரை உச்ச நீதிமன்ற நீதிபதி ஆக்கினார். வக்கீல் தொழிலில் சம்பாதித்ததோடு பார்த்தால் நீதிபதிச் சம்பளம் மிகக் குறைவு. அடுத்த வருடமே, வக்கீலாக இருந்தபோது அவருடைய கட்சிக்காரராக இருந்த லூயிஸ் வூல்ஃப்சன் என்ற தொழிலதிபரின் அறக்கட்டளையோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். ஆண்டுக்கு 20,000 டாலர். ஃபோர்டஸ் உயிரோடு இருக்கும் வரை. அவருக்குப் பிறகு அவர் மனைவிக்கு, அவர் இருக்கும் வரை.

அதே வருடம் வூல்ஃப்சன் மீது பங்கு விற்பனை தொடர்பாகக் குற்றச்சாட்டு பதிவானது. டிசம்பரில் ஃபோர்டஸ் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கொடுத்துவிட்டார் என்பதைக் கவனியுங்கள். ஆனால் வெளியே சொல்லவில்லை.

1968-இல் அவரைத் தலைமை நீதிபதியாக்க முயன்றபோது இன்னொன்று வெளியே வந்தது. ஒரு பல்கலைக்கழகத்தில் கோடைக்கால வகுப்பு எடுக்க அவருக்கு 15,000 டாலர். அப்போது நீதிபதியின் ஆண்டுச் சம்பளமே 39,500 டாலர்தான். பாடம் நடத்தினால் பணம் வாங்கக் கூடாதா என்று கேட்கலாம். அந்தப் பணம் பல்கலைக்கழகத்தின் கல்லாவிலிருந்து வரவில்லை. அவருடைய பழைய வக்கீல் கூட்டாளி, ஐந்து பணக்காரர்களிடம் திரட்டிக் கொடுத்தது. தலைமை நீதிபதிப் பதவி கைநழுவிப் போனதற்கு அரசியல் காரணங்களும் இருந்தன, இதுவும் ஒன்று. 1969 மே மாதம் லைஃப் பத்திரிகை வூல்ஃப்சன் விவகாரத்தை எழுதியது. மே 14 அன்று ராஜினாமா செய்தார்.

வூல்ஃப்சனுக்குச் சாதகமாக ஃபோர்டஸ் ஒரு தீர்ப்பும் எழுதியதில்லை. ஆனாலும் பதவி போனது. அந்த முன்சீப் ஃபைலில் வைக்கச் சொன்ன மணியார்டர் துண்டு இவரிடம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 1997-இல் நம் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எல்லோரும் கூடி, நீதிபதியின் வாழ்க்கை எப்படி இருக்க வேண்டும் என்று 16 அம்சங்களை எழுதி வைத்தார்கள். நீதிபதி வியாபாரம் செய்யக் கூடாது, நேரடியாகவும் கூடாது, மறைமுகமாகவும் கூடாது. பங்குச் சந்தையில் ஊக வணிகம் கூடாது. சட்ட நூல் வெளியிடுவதையும் பொழுதுபோக்காகச் செய்வதையும் மட்டும் வியாபாரம் என்று கொள்ள வேண்டியதில்லை. நல்ல விதிகள். ஆனால் இது நாடாளுமன்றம் போட்ட சட்டம் இல்லை. தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு.

பதவியில் இருக்கும்போது நம் விதி அமெரிக்காவை விட இறுக்கம் என்றே சொல்வேன். எனக்கு உறுத்துவது பதவி முடிந்த மறுநாள். உச்ச நீதிமன்ற நீதிபதி 65 வயதில் ஓய்வு பெறுகிறார். அரசியல் சட்டத்தின் 124-ஆவது பிரிவு அவர் எந்த நீதிமன்றத்திலும் வாதாடக் கூடாது என்கிறது. ஆனால் ஆர்பிட்ரேஷனுக்கு, அதாவது கம்பெனிகள் கோர்ட்டுக்கு வெளியே நடுவர் வைத்துத் தீர்த்துக்கொள்ளும் முறைக்கு, நடுவராகப் போகலாம். ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் நான்காவது அட்டவணையில் கட்டணம் போட்டிருக்கிறது. மூவர் குழுவில் ஒரு நடுவருக்கு, ஒரு வழக்குக்கு, அதிகபட்சம் 30 லட்சம். உச்ச நீதிமன்ற நீதிபதியின் மாதச் சம்பளம் இரண்டரை லட்சம். பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள். 30 லட்சம்! ஒரு வருடம் முழுக்க மலை மாதிரி ஃபைல் படித்துச் சம்பாதித்ததை ஒரே வழக்கில் வாங்கலாம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் அதற்கு மேலும் வாங்கலாம்.

யாரும் தப்பு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அனுபவம் உள்ளவர்கள் நடுவராவது நல்லதுதான். ஆனால் இன்று ஒரு பெரிய கம்பெனியின் வழக்கைக் கேட்கிற நீதிபதியை, ஆறு மாதம் கழித்து அதே கம்பெனி நடுவராக நியமிக்கலாம் என்றால், தோற்றுப்போன எதிராளி மனதில் என்ன ஓடும்? இடையில் மூன்று வருடமாவது இடைவெளி வேண்டும் என்கிறேன். அந்த மூன்று வருடமும் முழுச் சம்பளத்தையே ஓய்வூதியமாகக் கொடுக்கட்டும். நம் வரிப் பணத்தில்தான். நான் மனதாரக் கொடுப்பேன்.

இப்படிக் கட்டிப் போட்டால் நல்ல வக்கீல்கள் நீதிபதியாக வர மாட்டார்கள் என்று ஒரு வாதம் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஒரே ஆஜருக்குப் பல லட்சம் வாங்கும் சீனியர்கள் இருக்கிறார்கள். அதற்கு மருந்து சம்பளத்தை உயர்த்துவது. வெளியே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கதவைத் திறந்துவிடக் கூடாது, அந்தக் கதவு வழியாக யார் வருவார்கள் என்று ஃபோர்டஸுக்குத் தெரியும்.

எழுதட்டும், பாடம் நடத்தட்டும். சட்டக் கல்லூரி மாணவனுக்கு பதவியில் இருக்கும் நீதிபதியிடம் படிப்பது பெரிய வரம். அதற்கு வரும் சிறு தொகையை வாங்கிக்கொள்ளட்டும், கல்லூரியே கொடுத்த பணமாக இருந்தால். வாழ்க்கை வரலாற்றுக்குக் கோடிக் கணக்கில் முன்பணம் வாங்குவது ஓய்வுக்குப் பிறகு இருக்கட்டும். 2025 மே மாதம் நம் உச்ச நீதிமன்றம் நீதிபதிகளின் சொத்து விவரங்களை இணையதளத்தில் போட்டது. ரொம்ப நல்ல காரியம். அதே பக்கத்தில், இந்த வருடம் சம்பளம் தவிர யாரிடமிருந்து என்ன வந்தது என்று எல்லோருக்கும் ஒரு கட்டாயப் பத்தியும் சேர்க்க வேண்டும். 75 ரூபாயாக இருந்தாலும்.