22,000 கிலோமீட்டர்தான் ஓடிய டாக்டர் வண்டி: சேலம் நேயருக்குப் பதில்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை இரண்டு நாளாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். சேலத்திலிருந்து ஒரு நேயர் அனுப்பியது. அப்படியே வாசிக்கிறேன்.

“சார், வீட்டில் ஆறு பேர். பழைய மாருதி எர்டிகா வாங்கலாம் என்று முடிவு செய்து இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2014 டீசல், 1,26,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இன்னொன்று 2013 பெட்ரோல், வெறும் 22,000 கிலோமீட்டர், சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. எர்டிகா வைத்திருக்கும் எட்டுப் பேரிடம் கேட்டேன். ஐந்து பேர் தங்கம் என்கிறார்கள், மூன்று பேர் வேண்டாம் என்கிறார்கள். யாரை நம்புவது?”

முதலில் ஒரு பாராட்டு. எட்டுப் பேரிடம் கேட்டிருக்கிறார். நிறைய பேர் மச்சானிடம் மட்டும் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள்.

ஆனால் என்ன கேட்டீர்கள் என்பதுதான் விஷயம். “வண்டி எப்படி இருக்கு?” என்று கேட்டிருப்பீர்கள். மாப்பிள்ளை எப்படி என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் கேட்டால் என்ன பதில் வருமோ, அதுதான் வரும். கைக்காசைப் போட்டு வாங்கியவர் தன் வண்டியைக் குறை சொல்ல மாட்டார். வேண்டாம் என்ற மூன்று பேரில் ஒருவருக்காவது சர்வீஸ் சென்டரில் ஏதோ வாய்த்தகராறு நடந்திருக்கும், அந்தக் கோபத்தை வண்டி மேல் இறக்கியிருப்பார்.

அதனால் இப்படிக் கேளுங்கள்: “கடைசியாக எதற்காக ஒர்க் ஷாப் போனீர்கள்? பில் எவ்வளவு வந்தது? அப்போது எத்தனை கிலோமீட்டர்?” இந்த மூன்றையும் கேட்டால் தங்கம் என்றவரே கொஞ்ச நேரம் யோசிப்பார். “ஏ.சி. கம்ப்ரஸர் ஒரு தடவை மாற்றினேன், அப்புறம் கிளட்ச்...” என்று ஆரம்பிப்பார். அதுதான் அனுபவம். ஆறு மாதத்துக்கு முன் ஷோரூமிலிருந்து எடுத்தவரிடம் இதைக் கேட்டுப் பயனில்லை, அவரிடம் இன்னும் பூ வாசம் போயிருக்காது. உங்கள் ஊர் கார் ஸ்டாண்டில் போய் நின்று, ஒரு டீ வாங்கிக் கொடுத்து டிரைவர்களிடம் கேளுங்கள். கிளட்ச் எத்தனை கிலோமீட்டரில் போனது, லோயர் ஆர்ம் எப்போது மாற்றினேன் என்று எண்ணாகச் சொல்வார்கள். ஒன்று மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்: அவர்கள் வண்டி நிற்காமல் ஓடுகிற வண்டி. உங்கள் வண்டி வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடம் வரை போய்விட்டு நிழலில் நிற்கப்போகிற வண்டி.

நிற்பது என்றதும் பழைய நேயர்களுக்குப் புரிந்திருக்கும், ஒட்டன்சத்திரம் கதை வருகிறது என்று. பரவாயில்லை, புதியவர்களுக்காக இன்னொரு தடவை.

என் மாமனார் ஒரு வண்டி வாங்கினார். பெயர் வேண்டாம், வண்டி மேல் தப்பில்லை. ஒன்பது வருட வண்டி, மீட்டரில் 19,000. புரோக்கர் அதே வார்த்தையைத்தான் சொன்னார்: “சார், டாக்டர் வண்டி.” பெயின்ட் பளபளவென்று இருந்தது, சீட்டில் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கவில்லை. மாமனாருக்கு ஒரே பெருமை. பழனிக்கு முடி இறக்கக் கிளம்பினோம், ஏழு பேர். ஒட்டன்சத்திரம் தாண்டவில்லை, பானட்டிலிருந்து புகை. மத்தியானம் ஒரு மணி வெயில், புளிய மரத்தடியில் குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கிறோம். ஒரு மெக்கானிக் தம்பி டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்து இறங்கினார். பானட்டைத் திறந்து ஆற விட்டார். அப்புறம் ரேடியேட்டர் ஹோஸை இரண்டு விரலால் அழுத்தினார். அப்பளம் மாதிரி நொறுங்கியது. பக்கத்து ஹோஸையும் அழுத்திக் காட்டினார், அதுவும் விண்டது. “அண்ணே, இது ஓடி ஓய்ஞ்ச வண்டி இல்ல. நின்னு ஓய்ஞ்ச வண்டி” என்றார். எனக்கு அன்றைக்குப் பிடித்த வார்த்தை அது, இன்னும் விடவில்லை.

மீட்டர் கிலோமீட்டரைத்தான் எண்ணும், வருடத்தை எண்ணாது. ரப்பர் வருடத்தை எண்ணும். ஹோஸ், பெல்ட், சஸ்பென்ஷன் புஷ், டயர் எல்லாம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இறுகும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறார்கள். ஏ.சி. பல மாதம் போடாமலே இருந்தால் கம்ப்ரஸர் சீல் காய்ந்து கேஸ் கசியும். தினமும் இரண்டு கிலோமீட்டர் கிளினிக்குக்குப் போய் வருகிற வண்டியில் என்ஜின் முழுச் சூட்டுக்கே வராது. உள்ளே படிகிற ஈரம் ஆவியாகாமல் ஆயிலில் கலந்து பிசுக்காகும். அதனால்தான் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலோ அப்போது ஆயில் மாற்று என்று புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். “வண்டிதான் ஓடவே இல்லையே” என்று மூன்று வருடம் ஆயில் மாற்றாத ஆள்களை எனக்குத் தெரியும். நிற்கிற வண்டியில் ஒயரைக் கடிக்கிற எலியைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் பேசியிருக்கிறேன், மறுபடி வேண்டாம்.

இதெல்லாம் 22,000 உண்மையாக இருந்தால். மீட்டரைத் திருப்பியிருந்தால்? அதற்கு டயர் ஒன்று போதும். டயரின் பக்கவாட்டில், டிஓடி (DOT) என்று ஆரம்பிக்கிற வரிசையின் கடைசியில் நான்கு எண் இருக்கும். 2313 என்றால் 2013-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்த டயர். ஒரு பக்கம் தெரியாவிட்டால் வண்டிக்கு அடியில் குனிந்து உள் பக்கம் பாருங்கள். நான்கு டயரும் 2013 என்றால் மீட்டர் உண்மையாக இருக்கலாம், ஆனால் அந்த டயரில் குடும்பத்தை ஏற்றக்கூடாது, உடனே ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்தும் மாற்ற வேண்டும். 2018, 2019 என்று இருந்தால் புரோக்கரிடம் கேளுங்கள்: 22,000 ஓடுவதற்குள் எதற்காக டயர் மாற்றினீர்கள்? வயதாகிவிட்டது என்று டாக்டர் மாற்றியிருந்தால் நல்ல மனிதர், பில் இருக்கும். பில் இல்லை, பேச்சை மாற்றுகிறார் என்றால் உங்களுக்குப் புரிந்துவிடும். பிரேக் பெடல் ரப்பர் மழமழவென்று தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சிலர் அதையும் மாற்றிவிடுகிறார்கள், பழைய வண்டியில் புத்தம் புது பெடல் ரப்பர் இருந்தால் அதுவே ஒரு கேள்விதான்.

இப்போது அந்த டீசலுக்கு வருவோம். ஒன்றேகால் லட்சம் என்றதும் பயந்திருக்கிறீர்கள். 2014-இலிருந்து கணக்குப் போட்டால் வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டாயிரம், அவ்வளவுதான். குடும்ப வண்டி ஓடுகிற ஓட்டம். உள்ளே இருப்பது ஃபியட்டின் 1,248 சிசி மல்டிஜெட். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், டாடா விஸ்டா என்று ஏகப்பட்ட வண்டியில் அதே என்ஜின்தான் வந்தது, நேஷனல் என்ஜின் என்று செல்லப் பெயரே உண்டு. பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது, 2020-இல் மாருதி டீசலையே விட்டுவிட்டது. ஆனாலும் ஓமலூரில் கேட்டாலும் ஆத்தூரில் கேட்டாலும் அதைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் இருப்பார். நம்பகமான வண்டி என்று நான் சொல்வதில் பாதி இதுதான்: கெட்டால் நம் ஊரில் சரி செய்ய ஆள் இருக்கிறாரா?

அதில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். செயின் என்றால் ஆயுளுக்கும் கவலையில்லை என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஆயில் குறைந்து ஓடினாலும், காலத்தில் மாற்றாவிட்டாலும் செயின் நீளும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில விநாடி கடகடவென்று இரும்புச் சத்தம் வரும். அதனால் நீங்கள் போவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் பண்ணக்கூடாது என்று சொல்லிவிட்டு, காலை ஏழு மணிக்குப் போங்கள். போனதும் பேச ஆரம்பிக்காமல் பானட் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னாலேயே யாரோ ஓட வைத்திருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். அப்புறம் சர்வீஸ் பில். ஒன்றேகால் லட்சத்துக்குப் பன்னிரண்டு ஆயில் பில் இருக்க வேண்டும். பத்து இருந்தாலும் நான் வாங்குவேன். மூன்று இருந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன்.

உண்மையில் நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டியது வேறு. “வாங்கிய முதல் மாதம் என்ன செலவு ஆகும்?” இதை யாரும் கேட்பதில்லை. கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டி விலைக்கே கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் கிளட்ச் போனதும் “ஏமாந்துட்டேன் சார்” என்று எனக்கு எழுதுகிறார்கள். ஒன்றேகால் லட்சத்தில் கிளட்ச் போவது ஏமாற்று இல்லை, அதன் காலம் வந்திருக்கிறது. என் கணக்கில் ஐம்பதாயிரமாவது தனியாக எடுத்து வையுங்கள். எல்லா ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள், ஹோஸ், பெல்ட், பேட்டரி பாருங்கள். டாக்டர் வண்டியை எடுத்தாலும் இதே தொகைதான், டயருக்கும் ரப்பருக்கும் போகும்.

பேப்பர் வேலை பற்றி இரண்டே வார்த்தை, போன மாதம் விரிவாகப் பேசிவிட்டேன். ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறுவது ஒரு பக்கம். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் மாற்ற விண்ணப்பியுங்கள், இல்லாவிட்டால் உங்கள் வண்டிக்கு அடிபட்டால் பணம் வாங்குவது பெரும்பாடு. பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, அவருடையது, உங்களுக்கு வராது. அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள், சண்டை போடாதீர்கள். 2014 வண்டிக்கு 2029-இல் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும் என்பதையும் விலை பேசும்போது எடுத்துப் போடுங்கள்.

எனக்கு டீசல் பக்கம் சாய்கிறது, மறைக்கவில்லை. ஆனாலும் டாக்டர் வண்டியை ஒரேயடியாகத் தள்ளவும் மனசில்லை. சேலத்து நேயரே, ஞாயிற்றுக்கிழமை போய் அந்த வண்டியின் நான்கு டயர், ஒரு ஸ்டெப்னி, ஐந்தின் எண்ணையும் குறித்து எனக்கு அனுப்புங்கள். ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். அதைப் பார்த்துவிட்டு மீதியைப் பேசலாம்.