நெருப்புக் குதிரை

நேயர்களுக்கு வணக்கம். 2026 பிப்ரவரி 17ஆம் நாள் சீனச் சந்திர நாட்காட்டியில் குதிரை ஆண்டு பிறந்தது. பன்னிரண்டு விலங்குகளின் வரிசையில் குதிரைக்கு ஏழாம் இடம். இந்த வரிசையை முடிவு செய்ய விண்ணுலகப் பேரரசர் நடத்திய ஓட்டப் பந்தயத்தில் குதிரையின் குளம்பில் சுற்றிக்கொண்டு வந்த பாம்பு, எல்லைக்கோட்டருகே திடீரென்று வெளிப்பட்டதாகவும், குதிரை மிரண்டு பின்வாங்கிய நொடியில் பாம்பு ஆறாம் இடத்தைப் பிடித்துக்கொண்டதாகவும் சீன நாட்டுக்கதை கூறுகிறது. விரைந்து ஓடக்கூடியது, ஆனால் சட்டென்று மிரளக்கூடியது என்று அந்தக் கதை காட்டும் குணத்தைத்தான் சோதிடர்களும் வேறு சொற்களில் சொல்கிறார்கள்.

குதிரை ஆண்டில் பிறந்தவர்கள் சுறுசுறுப்பானவர்கள், கலகலப்பாகப் பேசுபவர்கள், கூட்டத்தை விரும்புபவர்கள், பயணத்தில் நாட்டமுள்ளவர்கள் என்பது பொதுவான கணிப்பு. பொறுமையின்மை, தொடங்கியதை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவுவது, யாருக்கும் கட்டுப்பட மறுப்பது ஆகியவை அவர்களுடைய குறைகளாகச் சொல்லப்படுகின்றன. சீன மரபில் ஒரு நாள் இரண்டிரண்டு மணி நேரமாகப் பன்னிரண்டு விலங்குகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டிருக்கிறது. அதில் காலை 11 மணி முதல் பிற்பகல் 1 மணி வரையிலான உச்சிப்பொழுது குதிரைக்கு உரியது. அதன் திசை தெற்கு. அதன் பூதம் நெருப்பு. நள்ளிரவுக்கும் வடக்குத் திசைக்கும் நீருக்கும் உரிய எலி குதிரைக்கு நேர் எதிரில் நிற்பதால், இவ்விரு ராசிக்காரர்களின் திருமணத்தை மரபுவழிச் சோதிடர்கள் பரிந்துரைப்பதில்லை. புலியும் நாயும் குதிரைக்கு நட்பு. ஆடு நெருங்கிய துணை.

தம் ராசி எது என்று பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2002 குதிரை ஆண்டு என்றாலும், அது தொடங்கியது பிப்ரவரி 12ஆம் நாள்தான். அவ்வாண்டு ஜனவரியில் பிறந்தவர் பாம்பு ராசிக்காரர். பிறந்த நேரம் வரை கணிக்கும் சோதிடர்களில் பலர் பிப்ரவரி 4ஆம் நாளையொட்டி வரும் வசந்தத் தொடக்கத்தையே ஆண்டின் எல்லையாகக் கொள்கிறார்கள். ஜப்பானிலோ ஜனவரி முதல் நாளே ராசியும் மாறிவிடுகிறது.

இதுவரை சொன்னவை எல்லாக் குதிரை ஆண்டுகளுக்கும் பொதுவானவை. ஆனால் பன்னிரண்டு விலங்குகளோடு மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்னும் ஐந்து பூதங்களும் சேர்ந்து சுழல்வதால், ஒரே பூதமும் ஒரே விலங்கும் மீண்டும் கூடுவதற்கு 60 ஆண்டுகள் ஆகின்றன. நம்முடைய பிரபவ முதல் அட்சய வரையிலான சுழற்சியும் 60 ஆண்டுகளே என்பதால், 1966ஐப் போலவே 2026 சித்திரையில் தொடங்கும் ஆண்டும் பராபவ என்ற பெயரையே பெறுகிறது. சீனக் கணக்கில் இவ்விரண்டும் நெருப்புக் குதிரை ஆண்டுகள். இயல்பிலேயே நெருப்பான குதிரையின் மேல் இன்னொரு நெருப்பு சேர்வதால், அதன் குணங்கள் யாவும் கட்டுக்கடங்காமல் பெருகும் என்பது நம்பிக்கை.

இந்த நம்பிக்கை சீனாவில் ஒரு விதமாகவும் ஜப்பானில் வேறு விதமாகவும் வேரூன்றியது. சீனாவில் அச்சம் நாட்டைப் பற்றியது. 1126ஆம் ஆண்டு நெருப்புக் குதிரை ஆண்டு. அவ்வாண்டில்தான் வடக்கே ஆண்ட ஜின் அரசின் படைகள் சோங் அரசின் தலைநகரான கைஃபெங்கை முற்றுகையிட்டன. நகரம் வீழ்ந்தது மேலைநாட்டுக் கணக்கில் 1127 ஜனவரி என்றாலும், சீனக் கணக்கில் குதிரை ஆண்டு அப்போது முடிந்திருக்கவில்லை. 120 ஆண்டுகள் கழித்து, 1246இல், இத்தகைய ஆண்டுகளில் நேர்ந்த கேடுகளை வரலாற்றிலிருந்து திரட்டி அரசரிடம் அளித்த சாய் வாங் என்னும் அறிஞருக்குக் கிடைத்த பரிசு சிறைவாசம்.

ஜப்பானில் அச்சம் முழுவதும் பெண்கள் மீது விழுந்தது. நெருப்புக் குதிரை ஆண்டில் பிறந்த பெண் அடங்காதவள், கணவனின் ஆயுளைக் குறைப்பவள் என்று நம்பினார்கள். காதலனை மீண்டும் காண்பதற்காக எடோ (இன்றைய டோக்கியோ) நகரில் தீ வைத்ததாகச் சொல்லப்பட்டு, 1683இல் மரண தண்டனை பெற்ற ஒஷிச்சி என்ற காய்கறி வணிகரின் மகள் நெருப்புக் குதிரை ஆண்டான 1666இல் பிறந்தவள் என்று பரவிய கதை இந்த நம்பிக்கைக்கு உரமூட்டியது. ஆண் பிள்ளையிடம் துணிவு என்று போற்றப்படும் அதே குணம் பெண் பிள்ளையிடம் குற்றமாக்கப்பட்டதற்கு வானத்தைக் காரணம் காட்டுவது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

1906இல் பல பெற்றோர் தங்கள் பெண் குழந்தைகளின் பிறப்பை முந்தைய ஆண்டிலோ அடுத்த ஆண்டிலோ பதிவு செய்தார்கள். 1966இல் குடும்பக் கட்டுப்பாடு பரவலாகிவிட்டதால், குழந்தைப்பேற்றையே தள்ளிப்போட முடிந்தது. 1965இல் ஏறத்தாழ 18 இலட்சத்து 24 ஆயிரம் குழந்தைகள் பிறந்த அந்நாட்டில், 1966இல் பிறந்தவை ஏறத்தாழ 13 இலட்சத்து 61 ஆயிரம்தான். மறு ஆண்டே எண்ணிக்கை 19 இலட்சத்தைத் தாண்டியது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.58 குழந்தை என்ற 1966ஆம் ஆண்டின் விகிதத்தை விதிவிலக்கு என்றே அனைவரும் கருதியிருந்தனர். 1989இல் எந்த ராசியின் அச்சமும் இல்லாமலே அது 1.57ஆகக் குறைந்தபோதுதான் ஜப்பானிய அரசு திடுக்கிட்டது.

இப்போது மீண்டும் நெருப்புக் குதிரை வந்திருக்கிறது. 2024இல் ஜப்பானில் பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் ஏறத்தாழ 6 இலட்சத்து 86 ஆயிரம். 1966இன் எண்ணிக்கையில் ஏறக்குறைய பாதி. திருமணமும் குழந்தையும் வேண்டுமா என்பதையே வேலை, வீட்டு வாடகை, கல்விச் செலவு ஆகியவற்றைக் கணக்கிட்டு முடிவு செய்யும் தலைமுறையிடம், இந்தக் குதிரை தன் பங்குக்குக் குறைப்பதற்கு அதிகம் மிச்சமில்லை. வணக்கம்.