பழைய சேலைகள் வந்த கோடை

வானொலி நேயர்களுக்கு வணக்கம். ஒட்டுப்போர்வை தைப்பதைப் பற்றிப் பேச வாருங்கள் என்று கூப்பிட்டார்கள், வந்துவிட்டேன். நாங்கள் தைக்கிற அறையில் மத்தியானம் முழுக்க ஓடுவது இந்த வானொலிதான். அதனால் இந்த நேரம் கையில் ஊசியை வைத்துக்கொண்டு, "இவளுக்கு வந்த வாழ்வைப் பார்" என்று சிரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பவர்கள் யார் யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களுக்கும் வணக்கம்.

கொடைக்கானலுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் இதைக் குயில்ட் என்று கேட்டு வாங்குவார்கள். துண்டுத் துணிகளைக் கட்டம் கட்டமாக வெட்டி இணைத்தது மேலே, நடுவில் பஞ்சு, அடியில் ஒரே துணி, மூன்றையும் சேர்த்து ஊடுருவுகிற மாதிரி ஓட்டுத்தையல் போட்டு, சுற்றிலும் பட்டி வைத்து மூடினால் போர்வை தயார். சொல்லும்போது இவ்வளவுதான். ஆனால் கணக்கு உதைக்கும். ஒற்றைக் கட்டிலுக்கு அறுபது அங்குல அகலம், தொண்ணூறு அங்குல நீளம் என்று வையுங்கள். ஆறு அங்குலக் கட்டமாகப் போட்டால் குறுக்கே பத்து, நெடுக்கே பதினைந்து, மொத்தம் 150 துண்டு. தையலுக்கு ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் விட வேண்டும், ஆக வெட்டுவது ஆறரை அங்குலம். அந்தக் கால் அங்குலத்தில் அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, கூடுதலாகப் பிடித்துவிட்டீர்கள் என்றால் ஒரு கட்டத்தில் ஒன்றும் தெரியாது, கண்ணுக்கே படாது, ஆனால் குறுக்கே ஒன்பது இணைப்பு, ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம், எல்லாம் சேர்ந்து ஒரு அங்குலத்துக்கு மேல் போர்வை சுருங்கி, பக்கத்து வரிசையோடு சேராமல் மூலை இழுத்துக்கொண்டு நிற்கும். புதிதாக வருகிற பெண்கள் அழுகிற இடம் இதுதான். பூப்போட்ட துணி, நிறப் பொருத்தம், கலை எல்லாம் அப்புறம். முதலில் கால் அங்குலம்.

இன்று நான் பேச வந்தது 2024 கோடையைப் பற்றி. மலையில் இருப்பவர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். ஏப்ரல் கடைசியில் ஊட்டியிலேயே வெயில் 29 டிகிரியைத் தொட்டது. 1951இலிருந்து இருக்கிற கணக்கில் அப்படி ஒரு ஏப்ரல் இல்லை என்றார்கள். இங்கே மேல்மலையில் காடு எரிந்தது. பூம்பாறை தாண்டி மன்னவனூர் பக்கமெல்லாம் புகை. சோலைக்காடு லேசில் தீப்பிடிக்காது, அதன் தரை எப்போதும் ஈரம். பிடிப்பது பைன் சருகும், சவுக்கு மாதிரி வளர்ந்து மண்டிக் கிடக்கிற வாட்டில் மரமும், யூகலிப்டஸும், காய்ந்த புல்லும். நூறு நூற்றைம்பது வருஷமாக நாம் கொண்டுவந்து நட்டதுதான் எரிகிறது என்பது என் அபிப்பிராயம், அதை வனத்துறைக்காரர்கள் இன்னும் விவரமாகச் சொல்வார்கள். அப்புறம் மே 7ஆம் தேதியிலிருந்து, உயர்நீதிமன்றம் சொன்னபடி, மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. சீசனில் ஏரியைச் சுற்றி ஒரு ஆம்புலன்ஸ் கூட நகர முடியாமல் நின்றதைப் பார்த்தவள் நான். ஆனால் எங்களுக்கு வருஷத்து வருமானமே ஏப்ரல், மே இரண்டு மாதம்தான், இ-பாஸ் கிடைக்குமோ கிடைக்காதோ என்று பலர் அறைப் பதிவையே ரத்து செய்துவிட்டார்கள். டிசம்பரிலிருந்து தைத்து அடுக்கி வைத்திருந்தது அப்படியே அடுக்கில் இருந்தது.

இதையெல்லாம்விடப் பெரிய தலைவலி தண்ணீர். ஊருக்குத் தண்ணீர் வருவது அப்சர்வேட்டரி பக்கத்து நீர்த்தேக்கத்திலிருந்தும் மனோரத்தினம் சோலை அணையிலிருந்தும். நமக்குப் பெருமழை ஐப்பசி கார்த்திகையில். அதை வைத்துத்தான் கோடையை ஓட்ட வேண்டும். அந்த வருஷம் தை, மாசி, பங்குனி மூன்றும் காய்ந்து, குழாயில் காற்று வந்தது. லாரித் தண்ணீர் வாங்கிக் குடிப்பதா, அதில் துணி நனைப்பதா?

துணி நனைக்காமல் ஒட்டுப்போர்வை தைக்க முடியாது, அதுதான் சங்கதி. நாங்கள் வாங்குவது திருப்பூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் கிலோ கணக்கில் வருகிற கட் பீஸ். புதுத்துணி. அதை முதலில் ஊறவைத்து அலசிக் காயப்போட வேண்டும். இல்லாவிட்டால் தைத்து முடித்து வாங்கினவர் வீட்டில் முதல் சலவையிலேயே ஒரு துண்டு சுருங்கும், பக்கத்துத் துண்டு சுருங்காது, சிவப்பு வெள்ளையில் இறங்கும். சிவப்பும் கருநீலமும் நாலு ஐந்து தண்ணீர் கேட்கும். தண்ணீரில் கல் உப்பைப் போட்டால் சாயம் நின்றுவிடும் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆலைச் சாயத்துக்கு உப்பு ஒன்றும் செய்யாது. அதிகப்படியாக ஒட்டியிருக்கும் சாயம் தண்ணீரோடு போய்த்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பாரத் மெரினோ ஆடுகள் உள்ள இடம். மலைக்குளிருக்கு மலையிலேயே கிடைக்கிற கம்பளியை நடுவில் வைத்துத் தைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. ஆனால் கத்தரித்த ஆட்டுமயிரில் இருக்கும் கொழுப்பும் மண்ணும் போக அலசுவதற்குத் துணியைவிட அதிகத் தண்ணீர் வேண்டும். ஆக அந்த ஆசையும் மூட்டை கட்டப்பட்டது.

இந்த நேரத்தில்தான் எங்கள் பெரியம்மா, பெரியம்மா என்றால் குழுவில் எல்லாருக்கும் பெரியம்மா, வயது எழுபதுக்கு மேல், "ஏன்டி, நூறு தடவை துவைச்ச சேலைக்கு என்னத்துக்கு இன்னொரு தண்ணி?" என்று கேட்டார். கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தார்.

யோசித்துப் பார்த்தால் அதுதானே. பழைய துணியில் சுருங்க வேண்டியது எப்போதோ சுருங்கிவிட்டது, போக வேண்டிய சாயம் போய்விட்டது. சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலை பத்து வருஷம் கட்டினது எப்படி இருக்கும் என்று நேயர்களுக்குத் தெரியும். புதிதில் கஞ்சி விறைப்பு, பிறகு போகப் போகக் குழந்தை கன்னம் மாதிரி ஆகிவிடும். அதை நாலாக மடித்து அடுக்கித் தைத்தால் பஞ்சே தேவையில்லை. நம் வீடுகளில் பாட்டிகள் குழந்தைக்குத் தைத்துக் கொடுத்தது அதுதான். வங்காளத்தில் காந்தா என்று தைப்பதும் அப்படித்தான், வட கர்நாடகத்தில் சித்தி இனப் பெண்கள் கவந்த் என்று தைப்பதும் பழந்துணியில்தான். அவர்கள் போர்வையின் நாலு மூலையிலும் சின்ன முக்கோணத் துண்டுகளை மடித்துப் பூ வைப்பார்கள், அது இல்லாவிட்டால் போர்வை முடிந்ததாகவே கணக்கில்லை. நாமும் ஏன் பஞ்சைக் கட்டிக்கொண்டு அழுதோம் என்றால், பஞ்சு வைத்தால் உப்பலாகத் தெரியும், உப்பலாகத் தெரிந்தால் விற்கும். போடியிலிருந்து இலவம் பஞ்சு வாங்கி வைத்திருந்தோம். தலையணைக்கு அதற்கு ஈடு கிடையாது, ஆனால் போர்வைக்குள் வழுக்கிக்கொண்டே ஓடும், நெருக்கித் தைக்காவிட்டால் ஒரு பக்கம் கட்டியாகவும் ஒரு பக்கம் வெறும் துணியாகவும் ஆகிவிடும்.

சரி, பழைய சேலை என்று முடிவானது. அடித்துணிக்கு என்ன செய்வது? ஆளில்லாத லாட்ஜ்களில் கழித்துப் போட்ட வெள்ளைப் படுக்கை விரிப்புகள் கிடைத்தன. ஓரம் கிழிந்திருக்கும், நடுவில் நன்றாக இருக்கும், வெள்ளாவியில் அடிபட்டு அடிபட்டு மெத்தென்று ஆகியிருக்கும். அதைக் கொண்டுவந்தது அந்த லாட்ஜ்களில் அறை சுத்தம் செய்கிற பெண்கள். சீசன் படுத்ததும் பாதிப்பேரை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். விரிப்பைக் கொடுக்க வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் ஊசியை எடுத்தார்கள்.

இதுதான் நான் எதிர்பார்க்காதது. கட் பீஸ் வைத்துத் தைத்த காலத்தில் எங்கள் குழுவில் மிஷின் தெரிந்தவர்கள்தான் உண்டு. மிஷினும் வேண்டும், அளவும் தெரிய வேண்டும், கால் அங்குலத்துக்கு என்னிடம் திட்டும் வாங்க வேண்டும். அடுக்குச் சேலைக்கு ஒரு ஊசி, ஒரு நூல்கண்டு, உட்கார இடம் போதும். நாயுடுபுரத்திலிருந்தும் பெருமாள்மலையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கண் சரியாகத் தெரியாத பாட்டிகூட வந்தார், நூல் கோப்பதற்கு மட்டும் பேத்தி வேண்டும், தையல் விரலிலேயே இருந்தது. நாலு பக்கமும் நாலுபேர் உட்கார்ந்து நடுவை நோக்கித் தைத்துக்கொண்டு வந்தால் நடுவில் நாலு கையெழுத்தும் மோதும். ஒருவர் தையல் அரிசி மாதிரி, இன்னொருவருக்கு ஒரு முழம். இரவில் விளக்கில்லாமல் தடவிப் பார்த்தாலே யார் தைத்தது என்று சொல்லிவிடுவேன். தையல் ஒரே சீராக இல்லையே என்று ஒரு கடைக்காரர் விலையைக் குறைக்கச் சொன்னார். சீராக வேண்டுமானால் பானிப்பட்டில் ஆலை இருக்கிறது, அங்கே வாங்கிக்கொள்ளுங்கள் என்று திருப்பி எடுத்து வந்துவிட்டோம். கையில் காசில்லாத நேரத்தில் இந்த ரோஷம் தேவையா என்று என் மதினி கேட்டாள். அதுவும் நியாயமான கேள்விதான்.

வில்பட்டியிலிருந்து வருகிற ஒரு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வீட்டுக்காரர் அந்த மாசியில் தவறிவிட்டார். வேனில் காய்கறி ஏற்றுகிற வேலை பார்த்தவர். துணிகளை யாருக்காவது கொடுத்துவிடு என்று உறவுக்காரர்கள் சொல்ல, அக்கா மூட்டையாகக் கட்டி எங்களிடம் கொண்டுவந்தார். நாலு லுங்கி, கொஞ்சம் சட்டை. சட்டையைப் பிரித்து வெட்டும்போது பார்த்தோம், ஒரு சட்டையில் காலர் நைந்துபோய், அதைக் கழற்றி மறுபக்கம் திருப்பித் தைத்திருந்தது. அக்காவே தைத்ததுதான். அதே சட்டையின் பையில் பேனா கசிந்த நீலக்கறை. பையைப் பிரித்துவிடலாம், துவைக்கும்போது மாட்டும் என்று பெரியம்மா சொல்ல, அக்கா முடியாது என்றுவிட்டார். அரை மணி நேரம் இந்தப் பைக்குச் சண்டை. கடைசியில் பை கறையோடு அப்படியே போர்வையில் ஏறியது. படுத்தால் வலதுகைப் பக்கம் வருகிற மாதிரி வைத்தோம். இப்போது அக்கா ராத்திரி செல்போனை அதில்தான் வைத்துக்கொள்கிறார், அலாரம் அடித்தால் எடுக்க வசதியாம்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்று ஒரு கிராமம் இருக்கிறது. பருத்திக் காட்டில் உழைத்த கறுப்பினக் குடும்பங்களின் ஊர். 1942இல் அங்கே மிசௌரி பெட்வே என்கிற பெண் இறந்துபோன கணவரின் வேலைத்துணிகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார், முழங்கால் நைந்த இடம், வெளுத்த இடம் எல்லாம் அதில் அப்படியே இருக்கும். அந்த ஊர்ப் போர்வைகளை 2002இல் ஹூஸ்டன் நகரத்து அருங்காட்சியகத்தில் சுவரில் மாட்டினார்கள், 2006இல் தபால்தலையாகக்கூட வந்தது. இதை அக்காவிடம் சொன்னபோது, "சுவத்துல மாட்டிட்டா குளிருக்கு என்னத்தப் போத்துறது?" என்றார்.

மே பாதிக்குமேல் மழை இறங்கியது. குழாயில் தண்ணீர் வந்தது, லாட்ஜ் பெண்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள், சிலர் செவ்வாய்க்கிழமை மத்தியானம் மட்டும் இன்னும் வருகிறார்கள். அந்தக் கோடையில் தைத்த அடுக்குப் போர்வைகள் பாதி விற்றன, பாதி எங்கள் வீடுகளிலேயே இருக்கின்றன. கட் பீஸ் வேலையை விட்டுவிடவில்லை, காசு அதில்தான். ஆனால் இப்போது குழுவில் இரண்டு மூட்டை தனித்தனியாக இருக்கிறது, ஒன்று விற்பதற்கு, ஒன்று வந்தவர்களுக்கு. மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கம்பளியும் அலசிப் பார்த்தோம். கொதிநீர் கூடாது, கசக்கவும் கூடாது, கசக்கினால் இழையெல்லாம் பின்னி இறுகிக் கட்டியாகிவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் சும்மா ஊறவைத்து எடுக்க வேண்டும். வாசனைதான் இன்னும் முழுதாகப் போகவில்லை, மழைநாளில் போர்த்தினால் ஆட்டுக்குட்டியும் கூடவே படுத்திருக்கிறது.

நேயர்கள் யாராவது பழைய துணி கொடுக்க நினைத்தால் பருத்தி மட்டும் கொடுங்கள். பருத்தியா என்று சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சி காட்டிப் பாருங்கள், காகிதம் கருகிற வாசனையோடு சாம்பலாகப் போனால் பருத்தி, உருகி முத்து மாதிரி திரண்டால் பாலியஸ்டர். வாங்கியதிலிருந்து கட்டாமல் பீரோவில் வைத்திருக்கும் பாலியஸ்டர் சேலைகளைத் தயவுசெய்து கொண்டுவராதீர்கள், ஏற்கெனவே இரண்டு சாக்கு நிறைய இருக்கிறது, என்ன செய்வது என்று தெரியவில்லை. சட்டைப் பையில் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொடுங்கள். நன்றி, வணக்கம்.