சவேரியாரும் வெளிநாட்டு மாணவர்தான்

(பாம்பனில் நடந்த இளையோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பங்குத்தந்தை அவர்களே, அருட்சகோதரிகளே, பெரியோர்களே, மேற்படிப்புக்காக வெளிநாடு புறப்படும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழக மாணவர்களிடையே நற்செய்திப் பணி. இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. கடலை நம்பிப் பிழைக்கிற நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது நினைத்தால், அவர்களுக்காகவே முதலில் பாரிஸ் நகரத்துக்குப் போகிறேன்.

1529-ஆம் ஆண்டு. பாரிஸ் பல்கலைக்கழகத்தின் சான்த் பார்ப் கல்லூரியில் மூன்று பேர் சேர்ந்து தங்குகிறார்கள். நவார் நாட்டிலிருந்து வந்த பிரான்சிஸ் சவேரியார், சவோய் மலைப்பகுதியின் பீட்டர் பேபர், பாஸ்க் நாட்டு இஞ்ஞாசியார். மூவருமே அந்நிய தேசத்து மாணவர்கள். இஞ்ஞாசியாருக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. போரில் குண்டு பட்ட கால், நொண்டி நடக்கிறார். பேபர் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் பேபர்தான் இஞ்ஞாசியாருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார். சவேரியாரோ பெரிய பதவிக் கனவில் இருக்கிறார். இந்த நொண்டி மாணவரின் பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை.

இஞ்ஞாசியார் வாதாடிப் பார்த்து ஜெயித்தார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. சவேரியார் ஆசிரியராக வேலை தொடங்கியபோது அவருடைய வகுப்புக்கு மாணவர்களைச் சேர்த்துக் கொடுத்தார், கைச்செலவுக்குத் தட்டுப்பட்டபோது உதவினார், காத்திருந்தார் என்றே சொல்கிறார்கள். அந்தக் காத்திருப்பு வருஷக் கணக்கில் நீண்டது. 1534 ஆகஸ்ட் 15 அன்று பாரிஸின் மோன்மார்த்ர் குன்றில் கடவுளுக்கு வாக்குக் கொடுத்த, பின்னாளில் சேசு சபையாக வளர்ந்த ஏழு பேரில் சவேரியாரும் ஒருவர்.

அவர் நம் கரைக்கு வருமுன்பே, 1530-களில், முத்துக்குளித்துறை மக்கள் ஞானஸ்நானம் பெற்றுவிட்டார்கள். ஆனால் செபம் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. 1542-இல் சவேரியார் வந்து, தமிழ் தெரிந்தவர்களை வைத்து விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் தமிழில் எழுதி வாங்கி, ஊர் ஊராக மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி மனப்பாடம் செய்ய வைத்தார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவர் என்ன சொல்கிறார் தெரியுமா? பாரிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பைத்தியக்காரனைப் போலக் கத்த வேண்டும் என்று தோன்றுகிறதாம். படிப்பை மட்டும் சேர்த்து வைத்துக்கொண்டு அன்பைச் சேர்க்காமல் இருக்கிறார்களே என்று அங்கே உள்ளவர்களைக் கேட்க வேண்டுமாம். நம் கரையில் நின்று, நம் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு அவருக்கு வந்த ஆதங்கம் அது.

பாலத்தைத் தாண்டினால் வேதாளை. 1549-இல் அந்தோனி கிரிமினாலி அங்கே கொல்லப்பட்டார். சேசு சபையின் முதல் மறைசாட்சி அவர். ஓரியூரில் 1693-இல் தலை வெட்டப்பட்ட அருளானந்தர் (ஜான் தெ பிரிட்டோ) போர்ச்சுகலின் லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்தவர், கோயிம்ப்ராவில் படித்தவர். சீர்திருத்த (புரோட்டஸ்டன்ட்) சபைச் சகோதரர்களின் கதையும் இப்படியே. 1806-இல் அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் மழைக்கு ஒரு வைக்கோற்போரின் ஓரத்தில் ஒதுங்கிச் செபித்தார்கள். அதிலிருந்து கிளம்பிய இயக்கம் 1816-இல் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கியது; 1834-இல் கடல் தாண்டி மதுரைக்கும் வந்தது. மாணவர்கள் தந்ததை வாங்கியே வளர்ந்தவர்கள் நாம்.

இப்போது நம் பிள்ளைகளே வெளிநாட்டு மாணவர்கள் ஆகிறார்கள். நான் ஜெர்மனியில் படித்தேன். பிறகு அங்கே மாணவர் பணியில் உதவியாகவும் இருந்தேன். அதனால் அந்த நாட்டை வைத்தே சொல்கிறேன். அங்கே பெரும்பாலான பல்கலைக்கழக நகரங்களில் கத்தோலிக்கருக்கு ஒன்று, சீர்திருத்த சபையாருக்கு ஒன்று என்று மாணவர் திருச்சபைகள் உண்டு. பணமுடையில் சிக்கிய வெளிநாட்டு மாணவருக்கு மதம் கேட்காமல் அவசர உதவி தருவார்கள். விசாவுக்காக ஒரு வருஷச் செலவுக்கு 11,904 யூரோ பிளாக்டு அக்கவுண்டில் (மாதாமாதம் ஒரு அளவு மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில்) போட்டுவிட்டுப் போகிற மாணவர் வசதியானவர் என்று இங்கே நினைக்கிறோம். பல பேர் வீட்டில் நகையை அடகு வைத்துப் போனவர்கள். வாடகை ஏறினால், ஒரு தேர்வு போனால், அடுத்த மாதம் சாப்பாட்டுக்கே யோசனை. கிறிஸ்துமஸ் நேரத்தில் விடுதியே காலியாகிவிடும், கடைகள் அடைத்துவிடும், அறையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஒரு வீட்டுச் சாப்பாடு எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இங்கேதான் நான் கண்டிப்பாக இருக்கிறேன். தனிமையில் இருப்பவர், பணமில்லாதவர், மொழி தெரியாதவர் – இவர்களிடம் நமக்கு ஒரு பலம் கிடைத்துவிடுகிறது. அந்தப் பலத்தை வைத்து மதம் பேசுவது பாவம். வேதாகமம் படிக்கக் கூப்பிடுகிறீர்களா, அப்படியே சொல்லிக் கூப்பிடுங்கள். சாப்பிடக் கூப்பிடுகிறீர்களா, சாப்பாடு போட்டு அனுப்புங்கள். மொழிப்பயிற்சி என்று விளம்பரம் போட்டு உள்ளே வேறு பாடம் நடத்தும் குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். உண்மை தெரிந்த நாளில் அந்த மாணவர்கள் நம்மை மட்டுமல்ல, ஆண்டவரையும் சந்தேகிக்கிறார்கள். ‘எனக்கு விருப்பமில்லை’ என்று ஒருவர் சொன்ன பிறகும் அவரை அடுத்த வாரம் வீட்டுக்கு அழைக்கிறீர்களா? நம் நட்பு உண்மையா இல்லையா என்பது அங்கே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. ஈரானிலிருந்தோ சீனாவிலிருந்தோ வந்த மாணவர் ஒருவர் தானாகவே கேட்டு, படித்து, விசுவாசத்துக்கு வரலாம். அவர் படத்தை எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள், அறிக்கையில் பெயர் எழுதாதீர்கள். ஊர் திரும்பினால் அவருக்கும் அவர் வீட்டாருக்கும் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாது. சாட்சி சொல்வதா வேண்டாமா என்று அவரே முடிவெடுக்கட்டும்.

நம் பிள்ளைகளுக்கு இது கைவரும் என்று நம்புகிறேன். தொழுகைச் சத்தமும் கோயில் மணியும் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். இராமேஸ்வரத்தில் அப்துல் கலாமின் தகப்பனாரும் கோயில் அர்ச்சகரும் நண்பர்களாக இருந்த தீவு இது. இலங்கைப் போருக்குத் தப்பிப் படகில் வந்து இறங்கியவர்கள் மண்டபம் முகாமுக்கு வந்தபோது, எந்தச் சாமி கும்பிடுகிறாய் என்று கேட்டா நம் தாய்மார்கள் கஞ்சி ஊற்றினார்கள்? அந்தக் கடலைத் தாண்டிப் போன ஈழத்துச் சனங்கள் இன்று ஜெர்மனியின் கெவலார் மாதா கோயிலுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் யாத்திரை வருகிறார்கள். அவர்களோடு இந்துக்களும் வருகிறார்கள். அங்கே போய்ப் பாருங்கள், புது ஊரில் முதலில் கிடைக்கும் சொந்தம் அவர்களாக இருக்கலாம்.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, போன முதல் வாரமே கோயிலைத் தேடிப் பிடியுங்கள். உதவி தேவைப்பட்டால் வெட்கப்படாமல் கேளுங்கள். அடுத்த ஆண்டு வரும் புது மாணவரை அழைத்துவர ரயில் நிலையத்துக்கு நீங்கள் போக வேண்டும். அவர் நைஜீரியரோ வியட்நாமியரோ, பெட்டியைத் தூக்கிக் கொடுங்கள், அறையைக் காட்டுங்கள், ஒரு நேரம் சோறு சமைத்துப் போடுங்கள். யாரை நம்புகிறாய் என்று அவர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

புறப்படத் தேதி குறித்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். போகிற நகரத்தின் பெயரைச் சொன்னால், அங்கே உள்ள மாணவர் திருச்சபையின் விலாசத்தைத் தேடி எழுதித் தருகிறேன். பெற்றோரும் கூட வரலாம்.