பெட்ரோல் வரிசையும் படை வரிசையும்

(அமெரிக்க அரசியல் பற்றிய ஒரு சிறிய கூட்டத்தில் பேசியது. பேச்சில் இருந்த தடுமாற்றங்களை மட்டும் நீக்கி எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம்.

'கன்சர்வேட்டிவ்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதிலேயே எனக்குச் சிக்கல். பழமைவாதி என்றால் நம் காதுக்கு அது பாதி வசவு. அமெரிக்காவிலோ தன்னை அப்படிப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். வேறு சொல் கிடைக்காததால் பழமைவாதிகள் என்றே சொல்லப்போகிறேன், வசவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இவர்களைப் பற்றி நமக்கு இரண்டு விஷயங்கள் தெரியும். ஒன்று, 'டிரில், பேபி, டிரில்'. தோண்டு, தோண்டிக்கொண்டே இரு என்ற முழக்கம். 2008இல் பழமைவாதிகளின் கட்சியான குடியரசுக் கட்சியின் மாநாட்டில் மைக்கேல் ஸ்டீல் என்ற அரசியல்வாதி கிளப்பிவிட்டது, 2025 ஜனவரியில் டிரம்பின் பதவியேற்பு உரைக்கே வந்துவிட்டது. இன்னொன்று, ராணுவ உடையில் யாரைப் பார்த்தாலும் நின்று 'உங்கள் சேவைக்கு நன்றி' என்று சொல்வது. எண்ணெய் ஒரு பக்கம், சிப்பாய் ஒரு பக்கம் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்டவை என்பது என் எண்ணம். அந்தப் புத்தகத்தில் பிள்ளையார் சுழி போட்ட வருஷம் 1973.

அந்த ஆண்டு ஜனவரி 27ஆம் தேதி பாரிஸில் வியட்நாம் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே நாளில், இனி யாரையும் கட்டாயமாகப் படையில் சேர்க்கப்போவதில்லை என்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் மெல்வின் லெயர்ட் அறிவித்தார். அக்டோபரில் அரபு–இஸ்ரேல் போர் மூண்டது. இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுத்ததற்காக அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் தருவதை நிறுத்தின. சுமார் 3 டாலருக்கு விற்ற ஒரு பேரல் எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. பெட்ரோல் பங்குகளில் கார்கள் தெருவை அடைத்து நின்றன. வண்டி எண் ஒற்றைப்படையில் முடிந்தால் ஒரு நாள், இரட்டைப்படையில் முடிந்தால் மறுநாள் என்று முறை வைத்தார்கள். சில ஊர்களில், பெட்ரோல் இருந்தால் பச்சைக்கொடி, தீர்ந்துவிட்டால் சிவப்புக்கொடி. ஆக, ஒரு வரிசை கலைந்த அதே வருஷம் இன்னொரு வரிசை முளைத்தது.

முதலில் படை வரிசையைப் பார்ப்போம். கட்டாய ராணுவ சேவையை ஒழித்தவர்கள் வியட்நாம் போரை எதிர்த்த மாணவர்கள்தான் என்று பலரும் நம்புகிறார்கள். அவர்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் அதற்கு நியாயம் எழுதிக் கொடுத்தது வலதுசாரி. மில்டன் ஃப்ரீட்மன் என்ற பொருளாதார அறிஞர், தடையற்ற சந்தையின் பெரிய பூசாரி, கட்டாய சேவையை ஒழிப்பது பற்றி ஆராய அதிபர் நிக்ஸன் அமைத்த குழுவில் இருந்தார். வியட்நாமில் படை நடத்திய ஜெனரல் வெஸ்ட்மோர்லண்ட் அந்தக் குழு முன் வந்து, கூலிப்படைக்குத் தலைமை தாங்க எனக்கு விருப்பமில்லை என்றார். அப்படியானால் அடிமைப்படைக்குத் தலைமை தாங்குவீர்களா என்று ஃப்ரீட்மன் திருப்பிக் கேட்டார். ஜெனரலுக்குக் கோபம். ஃப்ரீட்மனும் விடவில்லை: சம்பளம் வாங்கினால் கூலிப்படை என்றால் நான் கூலிப் பேராசிரியர், நீங்கள் கூலி ஜெனரல், நமக்கு வைத்தியம் பார்ப்பவர் கூலி மருத்துவர். இதை ஃப்ரீட்மனே பின்னாளில் எழுதியிருக்கிறார். அவரே சொன்ன கதையில் அவரே ஜெயித்ததில் ஆச்சரியமில்லை!

ஆனாலும் ஜெனரலின் பேச்சிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதுவும் பழமைவாதம்தான். நாடு உனக்குச் சோறு போட்டது, அதற்கு நீ ஏதாவது செய்ய வேண்டும் என்ற நினைப்பு. நம் பாஷையில் செஞ்சோற்றுக்கடன். பழமைவாதத்தின் முக்கியக் குரலான வில்லியம் பக்லி 1990இல், இளைஞர்கள் ஓராண்டு நாட்டுக்குச் சேவை செய்யட்டும் என்று ஒரு புத்தகமே எழுதினார். ஃப்ரீட்மனுக்கு அது பிடிக்கவில்லை. ஒரே முகாமில் ஒருவர் சந்தை என்கிறார், மற்றவர் கடன் என்கிறார். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. முடியாமலே நாட்டின் நிலைமை மாறிவிட்டது: இன்று முழுநேரப் படையில் சுமார் 13 லட்சம் பேர், மக்கள்தொகையில் ஒரு சதவீதம்கூட இல்லை. தெற்கு மாநிலங்களிலிருந்து அதிகம் பேர் சேர்கிறார்கள். அப்பா படையில் இருந்தால் பிள்ளையும் போகிறான். வெளியே வேலை தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் ஆள் கிடைப்பதில்லை. 2022இல் தரைப்படை 60,000 பேரை எதிர்பார்த்து 45,000 பேரைத்தான் சேர்க்க முடிந்தது. 'நன்றி' சொல்கிறவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்து யாரும் போவதில்லை.

சரி, பெட்ரோல் வரிசைக்கு வருவோம். பழமைவாதிகள் சொல்லும் கதையில் இங்கே வில்லன் அரபு ஷேக் இல்லை, விலைக் கட்டுப்பாடு. அதைக் கொண்டுவந்தவர் யார்? 1971இல், குடியரசுக் கட்சிக்காரரான நிக்ஸன்! எண்ணெய் விலையைச் செயற்கையாக அமுக்கி வைத்ததால்தான் தட்டுப்பாடு இவ்வளவு முற்றியது என்பது ஃப்ரீட்மன் போன்றோரின் வாதம். அதில் கணிசமான உண்மை உண்டு என்றுதான் நானும் நினைக்கிறேன். ரீகன் 1981இல் அதிபராகப் பதவியேற்ற எட்டாவது நாளே மிச்சமிருந்த கட்டுப்பாட்டையும் நீக்கினார். அவருக்கு முன் அதிபராக இருந்த கார்ட்டர் வெள்ளை மாளிகைக் கூரையில் வைத்த சூரியத் தகடுகளும் ரீகன் காலத்திலேயே கழற்றப்பட்டன. இதைத்தான் எல்லோரும் சொல்வார்கள், விலைக் கட்டுப்பாட்டைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

நாம் அடிக்கடி கவனிக்கத் தவறும் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் நிலத்துக்குச் சொந்தக்காரர், பெரும்பாலும், நிலத்துக்கு அடியில் இருப்பதற்கும் சொந்தக்காரர். டெக்ஸாஸில் ஒருவர் நிலத்தில் எண்ணெய் வந்தால் கம்பெனி அவருக்கு ராயல்டி தரும். பழைய வழக்கப்படி எட்டில் ஒரு பங்கு, இப்போது அதற்கும் மேல். முன்னோர்கள் அடிநில உரிமையைத் தனியாக விற்றிருந்தால் மட்டும் அவருக்குப் புழுதிதான் மிச்சம். 2017இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நம் மக்கள் ஏன் அப்படிக் கொதித்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே ராயல்டி அரசுக்கு, கெடுகிற தண்ணீர் விவசாயிக்கு. டெக்ஸாஸ் விவசாயிக்குத் துளையிடுவது சொத்துரிமை, அதைத் தடுப்பது வாஷிங்டனின் அத்துமீறல். அவர் ஓட்டு எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதே சொத்துக் கணக்குதான் காற்றாலையையும் கொண்டுவந்தது. காற்றாலை மின்சாரத்தில் முதல் மாநிலம் டெக்ஸாஸ். ஜார்ஜ் புஷ் அங்கே ஆளுநராக இருந்தபோது 1999இல் அதற்கு வழிசெய்த சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அயோவாவின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது. அதற்கு வழிவிட்ட 1992 வரிச்சலுகையின் தந்தை அயோவாவின் செனட்டர் சக் கிராஸ்லி, பழுத்த குடியரசுக் கட்சிக்காரர். சோள வயலில் காற்றாடிக்கு இடம் விட்ட விவசாயிக்கு வருஷாவருஷம் வாடகை. கட்சித் தலைமை காற்றாலையைத் திட்டும்போதெல்லாம் அவர் நெளிய வேண்டியிருக்கிறது, பாவம்.

இப்போது இரண்டு வரிசைகளையும் சேர்க்கிறேன். 1980 ஜனவரி 23. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கார்ட்டர் நாடாளுமன்றத்தில் ஒரே உரையில் இரண்டு விஷயங்களைச் சொன்னார். பாரசீக வளைகுடாவை வெளியார் கைப்பற்ற முயன்றால் ராணுவ பலத்தாலும் தடுப்போம் என்பது ஒன்று. கட்டாய சேவைக்கான பெயர்ப் பதிவை மீண்டும் தொடங்க வேண்டும் என்பது மற்றது. எண்ணெயும் பதினெட்டு வயதுப் பையன்களும் ஒரே மூச்சில்! தேர்தலில் ரீகன் அந்தப் பதிவை எதிர்த்தார். ஜெயித்தபின், 1982இல், அதைத் தொடர்ந்தார்.

பழமைவாதிகளின் வாதத்தில் நான் மதிக்கும் பகுதி இங்கேதான் இருக்கிறது. நம் மண்ணிலேயே எண்ணெய் இருந்தால், நம் பிள்ளைகள் எவனுடைய பாலைவனத்திலோ சாக வேண்டாம் என்கிறார்கள். படையில் பிள்ளையைக் கொடுத்த வீட்டில் இதைச் சொன்னால் அது வெறும் கம்பெனி விளம்பரம் இல்லை. அப்புறம் அது நடக்கவும் செய்தது. பாறையை நீரழுத்தத்தால் பிளந்து எடுக்கும் ஷேல் எண்ணெயால் 2018இல் உலகிலேயே அதிகக் கச்சா எண்ணெய் எடுக்கும் நாடானது அமெரிக்கா. அடுத்த ஆண்டு, 1952க்குப் பின் முதன்முறையாக, எரிசக்தியை வாங்குவதைவிட அதிகமாக விற்றது.

அப்படியானால் வளைகுடாவைக் காக்கப் போன அமெரிக்கப் போர்க்கப்பல்கள் திரும்பி வந்தனவா? வரவில்லை. அமெரிக்காவின் ஐந்தாம் கடற்படை வளைகுடாவில் உள்ள பஹ்ரைனில்தான் இருந்தது. எண்ணெய்க்கு உலகம் முழுக்க ஒரே சந்தை, எடுப்பது டெக்ஸாஸானாலும் விலையை, வளைகுடா எண்ணெய் வெளியேறும் ஹோர்முஸ் நீரிணையும் சேர்ந்துதான் எழுதுகிறது. ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த 2022இல், உற்பத்தியில் முதலிடத்தில் இருந்தும் அமெரிக்கர்கள் ஒரு காலன் பெட்ரோலுக்கு ஐந்து டாலருக்கு மேல் கொடுத்தார்கள். சந்தையை நம்பு என்று ஐம்பது வருஷமாகச் சொல்பவர்களுக்கு, அந்தச் சந்தைக்கு எல்லைக்கோடு கிடையாது என்பது மட்டும் ஏனோ மேடையில் மறந்துவிடுகிறது.

ஒரு காட்சியைச் சொல்லி உட்கார்ந்துவிடுகிறேன். 1987, ஈரான்–இராக் போர். குவைத்தின் எண்ணெய்க் கப்பல்களுக்கு அமெரிக்கக் கொடி ஏற்றி, போர்க்கப்பல்களைத் துணைக்கு அனுப்பினார் ரீகன். ஜூலையில் முதல் அணி கிளம்பியது. 24ஆம் தேதி பிரிட்ஜ்டன் என்ற ராட்சத எண்ணெய்க் கப்பல் ஈரான் போட்ட கண்ணிவெடியில் மோதியது. வயிற்றில் ஓட்டை விழுந்தும் அது நிற்கவில்லை, அவ்வளவு பெரிய உடம்பு. போர்க்கப்பல்களுக்கு அந்தத் தாங்கும் சக்தி கிடையாது. அதனால் காவலுக்கு வந்த போர்க்கப்பல்கள் எல்லாம் ஓட்டை விழுந்த எண்ணெய்க் கப்பலை முன்னால் விட்டு, அது போன தடத்திலேயே, அதன் பின்னால் வரிசையாக வந்தன.