கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவே

நேயர்களுக்கு வணக்கம்.

"பாட்டிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டால், "வயசாச்சு இல்லையா, பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டாங்க" என்பார்கள். கேட்டவரும் "அடடா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். எந்த இடத்தில் விழுந்தார், மணி எத்தனை, காலில் என்ன போட்டிருந்தார், அன்றைக்கு என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால், பழி வயதின் மேல் விழுந்திருக்காது. பாத்ரூம் வாசலில் மிதியடியாகப் போட்டிருந்த பழைய புடவைத் துண்டின் மேல் விழுந்திருக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். தற்செயல் காயங்களால் வரும் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அதிகம் இறப்பவர்கள் 60 வயதைத் தாண்டியவர்கள். ஆனால் சாலை விபத்துக்கு போலீஸ் வருகிறது, வழக்கு பதிவாகிறது, பேப்பரில் செய்தி வருகிறது. வீட்டுக்குள் விழுவதற்கு ஒரு டம்ளர் காபியோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

முதலில் ராத்திரியைப் பார்ப்போம். சர்க்கரை இருப்பவர், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர், ரத்தக் கொதிப்புக்கு நீர் மாத்திரை சாப்பிடுபவர் எல்லோரும் இரவில் இரண்டு மூன்று முறை எழுந்திருக்கத்தான் செய்வார்கள். படுத்திருந்தவர் சட்டென்று எழுந்து நின்றால் ரத்தம் காலுக்கு இறங்கும். இளவயதில் ரத்தக்குழாய்கள் உடனே இறுகி அதைச் சமாளித்துவிடும். வயதானால் அதற்கு நேரம் பிடிக்கும். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளியோ, கீழ் அழுத்தம் 10 புள்ளியோ குறைந்தால் அதை ஒரு கோளாறாகவே மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். உட்கார வைத்து மட்டும் பிரஷர் பார்த்தால் இது தெரியாது. அடுத்த முறை போகும்போது, "படுக்க வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை பாருங்கள்" என்று நீங்களே கேளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது இது. கண் விழித்ததும் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உட்கார வேண்டும். கணுக்காலைப் பத்து முறை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். கெண்டைக்கால் தசை சுருங்கும்போது ரத்தம் மேலே ஏறும். பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து, பத்து எண்ணும்வரை நின்ற இடத்திலேயே நின்று, அதற்குப் பிறகுதான் நடக்க வேண்டும். படுத்தபடியே கை எட்டும் இடத்தில் ஒரு சுவிட்ச், வழியில் அரை வாட் ராத்திரி விளக்கு, கரண்ட் போனால் எடுக்கத் தலையணை அடியில் டார்ச். இரவில் எழுந்திருக்க வேண்டுமே என்று பயந்து நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு. அது தலைசுற்றலைத்தான் கூட்டும். பகலில் நன்றாகக் குடித்துவிட்டு, படுக்கப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து குறைத்துக்கொள்ளலாம்.

இனி பாத்ரூம். நம் வீடுகளில் அதன் தரை ஒரு படி தாழ்ந்திருக்கும், அல்லது தண்ணீர் வெளியே வராமல் இருக்க இரண்டு அங்குல உயரத்தில் ஒரு கட்டை இருக்கும். இரண்டு அங்குலம்தானே என்று தோன்றும். வயதானவர் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடப்பார், அவருக்கு அந்த இரண்டு அங்குலமே போதும். அதை இடிக்க முடியாவிட்டால் மஞ்சள் பெயின்டால் ஒரு பட்டை அடித்துவிடுங்கள். வெள்ளை டைல்ஸ் மேல் வெள்ளைக் கட்டை கண்ணுக்கே தெரியாது.

கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால், விழுந்தவர் கதவை ஒட்டிக் கிடப்பார், வெளியிலிருந்து தள்ளவும் முடியாது. கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்கும்படி செய்ய ஆசாரிக்கு அரை நாள் வேலை. அதுவரை வயதானவர்கள் உள்தாழ்ப்பாள் போட வேண்டாம். வெட்கமாக இருந்தால் கதவில் ஒரு துண்டைத் தொங்கவிடட்டும், உள்ளே ஆள் இருக்கிறது என்று வீட்டுக்கே தெரியும்.

கைப்பிடி என்றதும் பல வீடுகளில் டவல் கம்பியைக் காட்டுவார்கள். அதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் சின்ன ஸ்குரூ, டைல்ஸைத் தாண்டி அரை அங்குலம்கூட உள்ளே போயிருக்காது. ஈரத் துண்டைத் தாங்கும். அறுபது கிலோ ஆள் தடுமாறிப் பிடித்தால் ஸ்குரூவோடு கையில் வந்துவிடும், விழுகிறவர் கம்பியின் மேலேயே விழுவார். பிடிப்பதற்கென்றே செய்த ஸ்டீல் கம்பி வேண்டும். கனம் 3 முதல் 4 சென்டிமீட்டர், சுவருக்கும் கம்பிக்கும் நடுவே 4 சென்டிமீட்டர், நின்று பிடிக்கத் தரையிலிருந்து 80 முதல் 90 சென்டிமீட்டர் உயரம். டைல்ஸைத் தாண்டிச் செங்கல்வரை டிரில் போட்டு, பிளக் வைத்து நீள ஸ்குரூவால் முடுக்க வேண்டும். மாட்டி முடித்ததும் வீட்டிலேயே எடை கூடின ஆள் தன் முழு எடையையும் போட்டு இழுத்துப் பார்க்கட்டும். ஆடினால் அங்கே கம்பி இல்லாமலிருப்பதே மேல். ரப்பர் வைத்து உறிஞ்சி ஒட்டும் வகையை நம்பாதீர்கள், ஈரத்தில் எந்த நேரம் கழன்றுகொள்ளும் என்று சொல்ல முடியாது.

எண்ணெய்க் குளியலைத் தனியாகச் சொல்ல வேண்டும். தீபாவளிக் காலையில் நல்லெண்ணெய் தலையிலிருந்து வழிந்து உள்ளங்காலுக்கு வந்துவிடும். அதே காலோடு ஈரத் தரையில் இறங்குகிறோம். மேலே சீயக்காய் வேறு. எண்ணெய் தேய்ப்பதைப் பாத்ரூமுக்கு வெளியே, கைவைத்த நாற்காலியில் உட்கார வைத்து முடியுங்கள். எழுவதற்கு முன்னால் உள்ளங்கால் இரண்டையும் கடலைமாவு தூவி, காய்ந்த துணியால் அழுத்தித் துடையுங்கள். உள்ளே போனதும் மறுபடி உட்கார்ந்தேதான் குளிக்க வேண்டும். லேசான பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டாம், ஈரத்தில் அதன் கால்கள் பிளந்துகொண்டு போகும். வாளியையும் ஒரு முக்காலி மேல் தூக்கி வைத்தால் குனிந்து குனிந்து மொள்ள வேண்டியதில்லை. கடைசியாகக் குளித்தவர் வெந்நீரும் சோப்புத்தூளும் போட்டுத் தரையைத் தேய்த்துவிட்டு வரவேண்டும். எண்ணெய் தேய்த்தவர் தப்பித்து, சாயங்காலம் கால் கழுவப் போனவர் விழுவது இதனால்தான்.

பின்கட்டிலும் கிணற்றடியிலும் பாசி. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பிளீச்சிங் பவுடரைத் தூவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுங்கள். இன்னும் பளிச்சென்று போகட்டும் என்று கூடவே ஆசிட்டை ஊற்றிவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைக்கும்.

காலுக்கு வருவோம். வார் அறுந்து ஊக்கு குத்திய ஹவாய் செருப்பு, குதிகால் பக்கம் தேய்ந்து கண்ணாடி மாதிரி ஆன செருப்பு, இரண்டையும் தூக்கிப் போடுங்கள். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவருக்குச் செருப்பு கழன்றதே தெரியாது. பின்வார் உள்ள எம்.சி.ஆர். செருப்புதான் (மெத்தென்ற ரப்பர் அடி வைத்தது) அவருக்கு ஏற்றது. நைட்டியும் பாவாடையும் தரையைப் பெருக்கினால் கணுக்காலுக்கு மேலே ஏறும்படி மடித்துத் தையுங்கள். படி ஏறும்போது தன் துணியைத் தானே மிதித்து விழுவது சாதாரணமாக நடக்கிறது. மேலே தூரப்பார்வை, கீழே படிக்கும் பார்வை என்று இரண்டும் சேர்ந்த கண்ணாடி போட்டவர் படி இறங்கும்போது, கீழ்ப்பாதி வழியாகப் படியைப் பார்ப்பார், படி மங்கித் தெரியும். அவர் தலையையே நன்றாகக் குனிந்து மேல்பாதி வழியாகப் பார்க்கப் பழக வேண்டும்.

கைத்தடி வைத்திருப்பவர்களில் நிறையப் பேர் வலிக்கிற காலின் பக்கமே பிடிக்கிறார்கள். அது தவறு. வலது முட்டி வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். வலது காலை எடுத்து வைக்கும்போதே தடியும் முன்னால் போக வேண்டும், அப்போதுதான் எடை தடிக்கு மாறும். செருப்புப் போட்டு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்குச் சரியாக வரவேண்டும். அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள், மருந்துக்கடையிலேயே கிடைக்கும்.

யார் விழக்கூடியவர் என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஒரு சோதனை உண்டு. நாற்காலியில் உட்கார வையுங்கள். மூன்று மீட்டர் தள்ளித் தரையில் ஒரு கோடு. எழுந்து, வழக்கமான நடையில் கோடுவரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இருக்கிறது என்று பொருள். பக்கத்தில் ஓர் ஆள் நின்றுகொண்டே இதைச் செய்யுங்கள். தேறாதவரைக் கட்டிலில் முடக்கிவிட வேண்டாம், முடக்கினால் தொடைத் தசை இன்னும் கரையும். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைப் பத்து முறை உயர்த்துவது, ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு காலை ஒட்டிவைத்துப் பத்து விநாடி நிற்பது. வாரம் மூன்று நாள் போதும், ஆனால் விடக்கூடாது. தசை வலுவுக்கும் தள்ளாடாமல் நிற்பதற்குமான பயிற்சிகள் விழுவதை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைக்கின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன. மாத்திரைகளில் இந்த அளவு செய்வது எதுவும் எளிதில் கிடைக்காது. மாத்திரை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன்: தூக்க மாத்திரை இருந்தால் அதைக் குறைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம்.

வாசலைத் தாண்டினால் ரோடு. வயதானவர் விநாடிக்கு 80 சென்டிமீட்டர் நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏழு மீட்டர் ரோட்டைக் கடக்க அவருக்கு ஒன்பது விநாடி ஆகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் அந்த ஒன்பது விநாடியில் நூறு மீட்டர் வந்துவிடும். அதாவது, நூறு மீட்டர் தள்ளி வருகிற வண்டியைப் பார்த்து "தூரத்தில்தானே வருது" என்று இறங்கினால், நடுரோட்டில் மாட்டிக்கொள்வார். இளவயதில் பழகிய கண்கணக்கு மாறுவதில்லை, கால் மட்டும் மாறிவிடுகிறது.

பைக்கின் பின்சீட்டிலிருந்து விழுவதும் விழுவதுதானே. ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் பை, இன்னொரு கையில் குழந்தை என்று போகிறவருக்குப் பிடிக்கக் கை இல்லை. சாலை அமைப்புக்கான அளவுகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற பொறியாளர் அமைப்பின் கணக்குப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் உள்ள மெல்லிய மேடு. தெருவில் நாம் பார்ப்பது பெரும்பாலும் ஒரு முழ அகலத்தில் செங்குத்தான திண்டு. முன்சக்கரம் ஏறும்போது ஓட்டுபவருக்குத் தெரிகிறது, பின்சக்கரம் தூக்கிப் போடும்போதுதான் பின்னால் இருப்பவருக்குத் தெரிகிறது. "மேடு வருது, பிடிச்சுக்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, நடை வேகத்துக்குக் குறைத்து ஏற்றுங்கள்.

பின்சக்கரத்தில் பாதியளவாவது மறைக்கும் தடுப்பும், பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும் கால்வைக்கும் இடமும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. அழகு கெடுகிறது என்று சேலைத் தடுப்பைக் கழற்றிவிடுகிறார்கள். சுழலும் கம்பிகளுக்குள் முந்தானை நுனி ஒரு விரல் அளவு போனால் போதும், மீதியை சக்கரமே இழுத்துக்கொள்ளும். துப்பட்டாவாக இருந்தால் இழுபடுவது கழுத்து. ஏறும் முன்னே முந்தானையை இடுப்பில் செருகுங்கள், துப்பட்டாவை உடையோடு முடிந்துகொள்ளுங்கள்.

ஹெல்மெட் சாவு ஆபத்தை 42 சதவீதமும் தலைக்காய ஆபத்தை 69 சதவீதமும் குறைக்கிறது. வாரை மாட்டாவிட்டால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது, மோதியதும் அது தனியாகப் பறந்துவிடும். தாடைக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல் போகும் இறுக்கம் சரி. பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயதுவரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு இணைக்கும் பட்டையும், அதிகபட்சம் 40 கிலோமீட்டர் வேகமும் என்ற விதி 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கப் பயப்பட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு உதவியவரைப் பாதுகாக்கிறது, பெயர் சொல்லும்படிகூட வற்புறுத்த முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது.

வீட்டில் ஒருவர் விழுந்துவிட்டார். உடனே நான்கு பேர் சேர்ந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதை முதலில் நிறுத்துங்கள். அப்படியே இருக்கவிட்டுக் காலைப் பாருங்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தால் இடுப்பெலும்பு முறிவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். குடிக்க எதுவும் தர வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரலாம். எண்ணெய் போட்டு உருவுவதும், கட்டுப் போட அழைத்துப் போவதும் இதற்கு உதவாது. ஓரிரு நாளில் அறுவை சிகிச்சை செய்து எழுந்து நிற்க வைத்தால்தான் படுக்கைப் புண்ணும் சளிக்காய்ச்சலும் வராமல் தடுக்கலாம். தலையில் அடிபட்டவர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவரானால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். மூளைக்கு மேலே மெதுவாகக் கசியும் ரத்தம் இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூடத் தலைவலியாகவோ, புத்தித் தடுமாற்றமாகவோ வெளிப்படும்.

வலி இல்லை, காலும் சரி என்றால் அவரே எழட்டும். ஒருக்களித்துப் படுத்து, முட்டி போட்டுத் தவழும் நிலைக்கு வரவேண்டும். முன்னால் ஒரு கனமான நாற்காலியைப் போட்டு அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு கையையும் அதன் மேல் ஊன்றி, வலுவான காலை முதலில் தரையில் பதித்து, உந்தி எழுந்து, மெல்லத் திரும்பி உட்காருவார். ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்கட்டும்.

தனியாக இருப்பவர்களுக்கு: போனை மேசை மேல் வைக்காதீர்கள், தரையில் கிடப்பவருக்கு மேசை எட்டாது. கழுத்தில் தொங்கட்டும். பாத்ரூமில் தரையோரமாக ஒரு பித்தளைச் செம்பு இருக்கட்டும், அதைத் தரையில் தட்டினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். பக்கத்து வீட்டாரிடம் அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

வணக்கம்.