மண்ணுக்கு ஒவ்வொரு போகமும் பசிக்கும்

(வெள்ளவத்தையில் நடந்த விவசாயச் சங்க மார்கழி ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, சங்கத்து உறவுகளே, பின்வரிசையில் கைபேசியோடு இருக்கும் தம்பிமாரே, வணக்கம்.

குளிர்காலக் கூட்டம் என்று அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறார்கள். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியும் எனக்கு வியர்க்கிறது. சரி, இந்த வெக்கையிலிருந்தே தொடங்குகிறேன். நான் சொல்ல வந்ததே அதைப் பற்றித்தான்.

மண்ணில் விழுகிற இலை, வைக்கோல், எரு எல்லாவற்றையும் நுண்ணுயிர்கள் தின்கின்றன. வெப்பம் பத்துப் பாகை கூடினால் அவை தின்கிற வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை செல்சியஸ் அளவில் இருக்கிறது. கொழும்பில் 27, 28. நுவரெலியாவில் ஒரு மரக்கறித் தோட்டத்தில் மண்வெட்டியைப் போட்டால், அவை தின்று தீர்க்காத உக்கல் தங்கிய கறுத்த மண் வரும். இங்கே கொட்டாவைப் பக்கம் போட்டால் நாலு விரற்கடைக்குக் கீழே செம்மஞ்சள் மண்ணும் சரளையும்தான். ஐரோப்பாவிலே பனிக்காலம் வந்தால் இந்த உயிர்கள் முடங்கிவிடும். நம்மூரில் அவற்றுக்கு லீவே கிடையாது.

"ஐந்து வருசத்துக்கு முதல் லொறிக் கணக்கில் மாட்டெரு இறக்கினேன் ஐயா, இன்னும் ஏன் மண் இறுகுது?" என்று கேட்பவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். அந்த எரு எப்போதோ முடிந்துபோயிற்று. போன தீபாவளிக்குச் சாப்பிட்டோம் என்று இந்தத் தீபாவளிக்குப் பட்டினி கிடப்போமா? மண்ணுக்கு ஒவ்வொரு போகமும் கொடுக்க வேண்டும். கொஞ்சம் என்றாலும் ஒவ்வொரு போகமும்.

மேசையில் இரண்டு கண்ணாடிக் குவளைகள் இருக்கின்றன. முன்வரிசைக்காரர்கள் எழுந்து வந்தே பாருங்கள். இரண்டிலும் தண்ணீர், வாயில் ஒரு தேநீர் வடி. இரண்டு மண்கட்டிகளும் ஒரே காணியில் எடுத்தவை, நிழலில் உலர்த்தியவை. இடப்பக்கத்துக் கட்டி கத்தரிப் பாத்தியிலிருந்து வந்தது. வருசா வருசம் கொத்தி, யூரியா மட்டும் போட்ட பாத்தி. மற்றது அதே வளவில் மாமரத்தின் கீழே, சருகு கூட்டாமல் விட்ட இடத்து மண். இரண்டையும் வடியில் வைத்துத் தண்ணீரில் மெதுவாக அமிழ்த்துகிறேன்.

பாருங்கள். இடப்பக்கம் காற்றுக் குமிழ்கள் சீறி வருகின்றன, கட்டி விளிம்பிலிருந்து உதிர்கிறது. தண்ணீர் கலங்கிச் சிவந்துவிட்டது, வடியில் பாதிதான் மிச்சம். வலப்பக்கத்தில் நாலைந்து குமிழ் வந்தது, நின்றுவிட்டது. கட்டி அப்படியே இருக்கிறது. அதைப் பிடித்துவைத்திருப்பது பூஞ்சண இழைகளும், வேர்நுனிகளும், நுண்ணுயிர்கள் சுரக்கிற பசையும். அவற்றுக்குத் தீனி சேதனப் பொருள், அதாவது இலை, வைக்கோல், எரு. தீனி நின்றால் பசையும் நின்றுவிடும்.

இடப்பக்கத்தில் நடந்ததுதான் ஐப்பசி மழைக்கு உங்கள் பாத்தியிலும் நடக்கிறது. துணிக்கைகள் உதிர்ந்து துவாரங்களை அடைக்கின்றன, மேலே ஓடு கட்டுகிறது, தண்ணீர் உள்ளே இறங்காமல் கானுக்கு ஓடுகிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பசளையும் அதோடு போகிறது. நாலு நாள் வெயில் அடித்ததும் செடி வாடுகிறது என்று வாளியைத் தூக்குகிறோம்.

இனி 2021. அதைப் பேசாமல் இந்த நாட்டில் மண்ணைப் பற்றிப் பேச முடியாது. மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது, சேதனப் பசளைக்கே மாறச் சொன்னார்கள், நவம்பரில் தடை தளர்ந்தது. இடையில் பெரும்போகம் அடி வாங்கியது. அதற்குப் பிறகு கூட்டெரு என்று வாயெடுத்தாலே வன்னியில் கமக்காரர் முகத்தைத் திருப்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கணக்கைப் பாருங்கள். ஒரு பை யூரியா 50 கிலோ, அதில் நைதரசன் 46 சதவீதம், ஆக 23 கிலோ. நல்ல கூட்டெருவில் நைதரசன் ஒன்று, ஒன்றரை சதவீதம். அந்த ஒரு பைக்கு ஈடாக ஒன்றரைத் தொன்னிலிருந்து இரண்டு தொன்னுக்கு மேல் கூட்டெரு வேண்டும், அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பங்குதான். அத்தனை எருவை நாடு முழுவதற்கும் ஒரே போகத்தில் எங்கே தேடுவது? அது மண்ணின் தோல்வி அல்ல, அவசரத்தின் தோல்வி. கூட்டெருவை யூரியாவோடு தராசில் வைப்பதே பிழை. கூட்டெரு மண்ணைக் கட்டி வைக்கும், போட்ட யூரியாவை ஓடவிடாமல் பிடிக்கும். இரண்டும் சேர்ந்தால் பையின் எண்ணிக்கை மெல்ல மெல்லக் குறையும்.

வன்னியில் காணி வைத்திருப்பவர்களுக்கு இடையில் ஒரு சொல்: வைக்கோலைக் கொளுத்தாதீர்கள். நெற்பயிர் எடுத்த பொற்றாசியத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் நிற்கிறது.

அடுத்தது டொலமைற்று, கல்சியமும் மக்னீசியமும் உள்ள சுண்ணாம்புக் கல்லின் பொடி. இதில்தான் வட்ஸ்அப் நம்மைக் கெடுக்கிறது, எந்த மண்ணுக்கும் டொலமைற்றுப் போடு என்று குரல்பதிவு சுற்றுகிறது. கொழும்பைச் சுற்றியுள்ள ஈரவலயத்தில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. அது கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போகிறது, மண் அமிலமாகிறது. அமில மண்ணில் பொசுபரசு இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து பயிருக்குக் கிடைக்காமல் போகும். இங்கே டொலமைற்று மருந்து, அடுப்புச் சாம்பலும் நல்லது. அந்தக் குரல்பதிவை யாழ்ப்பாணத்து மச்சானுக்கு அனுப்பினால்? அங்கே வலிகாமத்துச் செம்மண் சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. அங்கே பல காணிகளில் மண் ஏற்கெனவே காரப்பக்கம். இன்னும் சுண்ணாம்பு போட்டால் இரும்பும் துத்தநாகமும் பயிருக்குக் கிடைக்காமல் பூட்டப்பட்டு இளம் இலை மஞ்சளிக்கும். மச்சான் அதற்கும் யூரியா போடுவார்! அந்த யூரியா சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள்ளால் நேரே கிணற்றுக்கு இறங்கும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அது தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு காலத்தில் பூவரசங்குழையும் பனையோலையும் மண்ணில் தாழ்த்து, ஆட்டுப்பட்டி அடைத்து வெங்காயமும் புகையிலையும் செய்த ஊர் அது.

இங்கேயும் கூட ஒரு எச்சரிக்கை: டொலமைற்றையும் யூரியாவையும் ஒரே நாளில் போடாதீர்கள். நைதரசன் அமோனியாவாகக் காற்றில் போய்விடும். இரண்டு மூன்று கிழமை இடைவெளி விடுங்கள்.

தொடர்மாடியில் இருப்பவர்கள், "எங்களிடம் எரு ஏது?" என்கிறீர்கள். கொழும்பின் குப்பையில் பாதிக்கு மேல் உக்குகிற குப்பை. அதைக் கட்டிக் குவித்துத்தான் 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். உங்கள் சமையலறையில் சேர்வது அடியில் துளையிட்ட ஒரு வாளிக்குள் அடங்கும். மணக்கிறது என்று கைவிட்டவர்கள் நிறையப் பேர். மரக்கறித் தோலை மட்டும் போட்டால் மணக்கத்தான் செய்யும், ஈரமும் நைதரசனும் மிஞ்சிவிடும். ஒரு பங்கு தோலுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகோ, கழுவிய தும்புச்சோறோ போட்டு மூடுங்கள், கிழமைக்கு ஒரு தடவை கிளறுங்கள். மீன் தலை வேண்டாம், காகமும் எலியும் வரும், பக்கத்து வீட்டு அன்ரியும் வருவார்.

கடைசியாக மண் பரிசோதனை. விவசாயத் திணைக்களத்து ஆய்வுகூடங்களில் செய்து தருகிறார்கள், உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேட்டால் வழி சொல்வார். ஆனால் மாதிரி எடுக்கிற கை சரியாக இருக்க வேண்டும். பயிர் நிற்கிற காணியில், பசளை போட்ட கையோடு எடுக்காதீர்கள். அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் எடுங்கள். வரப்போரம், எருக்குவியல் இருந்த இடம், மர நிழல் எல்லாம் தவிர்த்து, வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடங்களில் ஒரு சாண் அளவுக்கு வெட்டி, குழியின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு சீவல் எடுங்கள். எல்லாவற்றையும் சுத்தமான வாளியில் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைக் கழித்து, அரைக் கிலோ மிஞ்சும்வரை குறையுங்கள். நிழலில் உலர்த்துங்கள். யூரியாப் பையில் மட்டும் கட்டிக்கொண்டு வராதீர்கள், போனமுறை இரண்டு பேர் கொண்டுவந்தீர்கள், பெயர் சொல்ல மாட்டேன்.

வெறும் பைகளும் துண்டுச்சீட்டும் வாசலில் வைத்திருக்கிறோம். காணி இருக்கும் ஊர், கடைசியாகப் போட்ட பசளை, அடுத்து நடப்போகும் பயிர், இந்த மூன்றையும் எழுதுங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு பை, செம்மண்ணும் மணலும் இரண்டும் உள்ள காணி என்றால் இரண்டு. இனிக் கேள்விகளைக் கேளுங்கள், தேநீர் வர இன்னும் பத்து நிமிடம் ஆகுமாம்.